குதிகாலில் பட்ட மோர்ப்பானை

குதிகாலில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது.

திரும்பிப் பார்க்க முடியாது. சலாம் வைத்துக்கொண்டிருப்பவன் எதிராளியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பின்னுக்கு வைக்கப்போன காலை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டேன். தொட்டது மண்பானை என்று குதிகாலுக்குத் தெரிந்துவிட்டது. ஈரமாக இருந்தது. இன்னும் ஒரு விரற்கடை வைத்தால் பானை உருண்டுவிடும்.

சித்திரை வெயிலில் வில்லாபுரம் கண்மாய் வெடித்துக் கிடந்தது. காளியம்மன் பொங்கலுக்காக அதன் நடுவில் ஒரு வட்டத்தை மட்டும் வெட்டிக் கொத்தி, தண்ணீர் தெளித்து, மிதித்துச் சமன் செய்திருந்தார்கள். அதைச் சுற்றி ஊர் நின்றது. வட்டத்துக்குள் கம்போடு நான். எதிரே வெள்ளைச்சாமி.

வெள்ளைச்சாமி பசுமலைப் பக்கம் கல்லுடைக்கிறவர். கம்பு விளையாட்டில் அவர் பெயரைச் சொன்னாலே எங்கள் பக்கத்துக்காரர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அதற்கு முந்தின வருஷப் பொங்கலுக்கு இதே களத்தில் என் கூட்டாளி சோணையின் இடது கண் போனது இவர் கம்பால்தான்.

சாமி பொங்கலில் பானையை உடைத்தால் அபசகுனம். ஊரே திரும்பிப் பார்க்கும். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தரத்தில் நின்ற கால் எங்காவது இறங்கத்தான் வேண்டும்.

முன்னால் வைத்துவிட்டேன்.

கொட்டு சட்டென்று நின்றது. பிறகு வேறு அடியில் தொடங்கியது.

வைத்த கால்

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னால்தான் நான் செய்த காரியம் புரியும்.

கம்பு எடுத்துக் களத்தில் இறங்கினால் முதலில் சலாம் வைக்க வேண்டும். கம்பு நுனியால் மண்ணைத் தொட்டு, பிடித்த கையை நெஞ்சுக்கும் நெற்றிக்கும் கொண்டுபோய், கடைசியாக வலது காலை ஓரடி நகர்த்த வேண்டும். காலைப் பின்னால் வைத்தால் அது அலங்கார ஆட்டம். இரண்டு பேரும் நாலு வீச்சு வீசி, கம்போடு கம்பு தட்டி, கும்பிட்டு வந்துவிடலாம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

காலை முன்னால் வைத்தால் அது பொட்டு ஆட்டம். கம்பு நுனியைச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொண்டு ஆட வேண்டும். எதிராளியின் நெற்றியில் முதலில் பொட்டு வைப்பவன் ஜெயித்தவன்.

களத்தில் வாய் பேசக் கூடாது என்று ஒரு கட்டும் உண்டு. வைத்த காலை எடுத்தவன் கம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியேற வேண்டும். அவனுடைய கூடத்தார் அந்தப் பொங்கலில் யாருமே ஆட முடியாது. கூடம் என்றால் கம்பு பழகுகிற இடம், பழகுகிற ஆட்கள் எல்லாம் சேர்ந்தது. என்னை நம்பி எங்கள் கூடத்துப் பையன்கள் இடுப்பில் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு நின்றார்கள்.

இப்படியாக, ஒரு மோர்ப்பானைக்குப் பயந்து, மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எவனும் கூப்பிடப் பயப்படுகிற ஆளை நான் பொட்டு ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டேன்.

நாய்க்கம்பு

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் என்னைப் பெரிய வீரன் என்று நினைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கம்பை நான் கையில் எடுத்ததே நாய்களுக்குப் பயந்துதான்.

நான் படித்தது நாலாவது வரைக்கும். மீசை அரும்பும் வயதில் நூல் மில்லில் சேர்ந்தேன். காலைச் சங்கு ஊதுவதற்குள் வாசலில் நிற்க வேண்டும். வில்லாபுரத்திலிருந்து போகிற வழியில் கசாப்புக் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே எலும்புக்குக் கிடக்கும் நாய்கள் ஆளைக் கண்டால் கூட்டமாக எழுந்து வரும். பயம் எனக்கு அடிவயிற்றில் தொடங்கும். முதலில் ஈயத்தை விழுங்கியதுபோல ஒரு கனம். பிறகு முழங்கால் தன் பாட்டுக்கு ஆடும்.

அதற்காக ஒரு மூங்கில் கம்பு வாங்கினேன். எண்ணெய் போட்டு, அடுப்புப் புகையில் காட்டிக் கறுக்க வைத்தேன். அதை எடுத்துக்கொண்டு போனால் நாய்கள் ஒதுங்கின. மனிதர்கள் ஒதுங்கவில்லை.

"யாரு கூடத்துல பழகுறீக?" என்று வழியில் ஒருவர் கேட்டார்.

"எங்கயும் இல்லண்ணே. நாய்க்கு."

"நாய்க்குச் சொல்லிக் குடுக்குறீகளா?"

அன்றைக்கு மில் முழுக்கச் சிரித்தது. சோணைதான் அதைக் கொண்டுபோய்ப் பரப்பியவன். எனக்குப் பக்கத்து எந்திரத்தில் வேலை பார்த்தான். அதிலிருந்து எனக்கு 'நாய்க்கம்பு' என்று பெயர். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இன்றும் என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் வழி காட்ட ஆள் கிடையாது.

சுதந்திரக் கொடி பிடிக்கிறவர்களைப் போலீஸ் தேடிய காலத்தில் ஒருநாள் தெற்குவாசல் பக்கம் ஒரு கான்ஸ்டபிள் அந்தக் கம்பைப் பிடுங்கிக்கொண்டார். "இது எதுக்குடா?" என்றார். நாய்க்கு என்று சொன்னால் தன்னைச் சொல்வதாக எடுத்துக்கொள்வாரோ என்று பயந்து நான் வாயே திறக்கவில்லை. அதற்காகவே ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள்.

கையில் கம்பு இருந்தும் ஆடத் தெரியாமல் இருப்பது இரட்டைப் பயம் என்று அப்போது புரிந்தது. அப்படித்தான் கூடத்துக்குப் போனேன்.

மாப்ளையின் கால்

கூடத்தில் வாத்தியார் என் மனைவி பேச்சியம்மாளின் தம்பி முத்திருளன். என்னைவிட இளையவன். மாட்டுவண்டி ஓட்டினான். நான் அவனை மாப்ள என்பேன். அவன் என்னை மச்சான் என்பான். ஆனால் கம்பை வாங்கும்போது வாத்தியாரின் காலைத் தொட வேண்டும். அது கூடத்து முறை.

"மச்சான், நீங்க தொட வேணாம். பாவம்" என்றான் முதல்நாள்.

"தொடாம வாங்குனா முறையில்லல்ல, மாப்ள."

"அப்ப சட்டுனு தொட்டுட்டு எந்திரிங்க. அக்கா பாத்தா என்னைய வெட்டிப்புடும்."

அவன் காலை ஒரு பக்கம் இழுக்க, நான் குனிந்து அந்தப் பக்கம் போக, இரண்டு பேரும் வட்டம் சுற்றினோம். அதுதான் நான் கற்ற முதல் காலடி என்று அவன் பிற்பாடு எல்லோரிடமும் சொல்வான்.

வைகை மணலில்தான் பழக்கம். மாலை வெயிலில் மணல் காலைச் சுடும். சுட்டால்தான் கால் ஒரே இடத்தில் நிற்காது என்பான் முத்திருளன். காலடி எனக்குச் சீக்கிரம் வந்தது. பயந்தவனுக்குக் கால் வேகம். வீச்சும் வந்தது. கம்பை ஒரு கையில் சுழற்றினால் விசிறி மாதிரி சத்தம் வரும். வராதது ஒன்றுதான். முகத்துக்கு நேராகக் கம்பு வந்தால் நான் கண்ணை மூடிவிடுவேன்.

மூடுவது மட்டுமில்லை. மூடிக்கொண்டே முன்னால் குத்திவிடுவேன்.

"மச்சான், பயப்படுங்க, வேணாங்கல. கண்ணத் தொறந்துக்கிட்டுப் பயப்படுங்க" என்பான். என்னை உட்கார வைத்து முகத்தில் தண்ணீரைச் சுண்டுவான். புளியங்கொட்டையை எறிவான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சியம்மாள்கூட எதிர்பாராமல் கையை ஓங்கிக் காட்டுவாள். எல்லாவற்றுக்கும் மூடினேன்.

வருஷங்கள் போயின. கூடத்தில் நான் பெரியாள் ஆனேன். சலாம் வைத்து அலங்கார ஆட்டத்தைத் தொடங்கிவைக்க என்னைத்தான் அனுப்புவார்கள். அழகாக ஆடுகிறேன் என்பார்கள். பொட்டு ஆட்டத்துக்கு மட்டும் நான் போனதே இல்லை. போகும்படி முத்திருளனும் சொன்னதில்லை.

சோணையின் கண்

சோணை அப்படி இல்லை. வாயும் துடுக்கு, கையும் துடுக்கு. அந்த முந்தின பொங்கலில் அவனாகவே காலை முன்னால் வைத்து வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டான்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கம்பு அவன் கண்ணில் படவே இல்லை. பொட்டு நெற்றியில்தான் விழுந்தது. ஆனால் சோணை குனிந்தான். குனிந்த வேகத்தில் கம்பு வழுக்கி, சுண்ணாம்பு கண்ணுக்குள் இறங்கிவிட்டது. அவன் இரண்டு கையாலும் கண்ணைத் தேய்த்தான். தேய்க்காதே என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. எரிச்சலில் அவன் எழுப்பிய சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டை அவிழ்த்தபோது அந்தக் கண் வேகவைத்த முட்டை மாதிரி இருந்தது.

எங்கள் வேலை அறுந்த நூலைப் பார்த்து ஒட்டுகிற வேலை. எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், நூல் மயிரிழையாக இருக்கும். ஒற்றைக் கண்ணால் தூரம் தெரியாது. சோணையை நிறுத்திவிட்டார்கள். பார்க்கப்போன என்னிடம் அவன்தான் ஆறுதல் சொன்னான்.

"ஒரு கண்ணு போனா என்னடா. கடன்காரன் இனிமே பாதிதான் தெரிவான்."

நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பேச்சியம்மாளின் ஊசியில் நூல் கோர்த்துப் பார்த்தேன். நூல் ஊசிக்கு முன்னாலேயே எங்கோ போனது. அடிவயிற்றில் அந்த ஈயம் இறங்கியது. மூன்று பிள்ளைகள் தின்னும் சோறு என் இரண்டு கண்ணில்தான் இருந்தது.

வெள்ளைச்சாமியைப் பற்றி அதன்பிறகு பல கதைகள் வந்தன. சுண்ணாம்பில் அவர் கண்ணைப் பொசுக்குகிற துத்தத்தைக் கலக்குகிறார் என்றார்கள். இல்லாவிட்டால் ஒரு கண் அப்படி வெந்துபோகுமா என்றார்கள். அந்த வருஷம் முழுக்க அவர் எந்தக் களத்திலும் இறங்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள். புதிதாக ஏதோ பழகிக்கொண்டிருக்கிறாராம்.

சிரட்டை

இனிக் கண்மாய்க்கு வருகிறேன்.

கொட்டு மாறியதும் கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. எங்கள் பையன்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். சோணைக்காக நான் பழி வாங்க இறங்கிவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். முத்திருளன் மட்டும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

நான் வெள்ளைச்சாமியின் காலையே பார்த்தேன். அவர் பின்னால் வைத்துவிட்டால் போதும். கூப்பிட்ட ஆட்டத்தை மறுத்ததாக அவருக்குத்தான் குறை. எனக்கு ஒன்றுமில்லை. காளியாத்தா, அவர் காலைப் பின்னால் இழு என்று வேண்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் கீழே எதையோ பார்த்தார். தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். கல்லுடைக்கிறவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்து நின்றார்கள். 

காலை முன்னால் வைத்தார்.

சுண்ணாம்பை அவரவர் கூடத்திலிருந்து அவரவரே கொண்டுவருவது வழக்கம். தேங்காய்ச் சிரட்டையில் குழைத்து வட்டத்தின் ஓரத்தில் வைத்திருப்பார்கள். எங்கள் சிரட்டையில் முத்திருளன் என் கம்பு நுனியைத் தோய்த்தான். அவன் கை ஜில்லென்று இருந்தது.

"என்ன மச்சான் இப்புடிப் பண்ணிட்டீக" என்றான் உதட்டை அசைக்காமல். "பின்னாலயே போங்க. சுத்திச் சுத்திப் போங்க. கண்ண மட்டும் மூடிறாதீக."

எதிர்ப்பக்கம் பார்த்தேன். வெள்ளைச்சாமியின் சிரட்டை துண்டால் மூடியிருந்தது. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். துண்டைப் பாதி விலக்கி, கம்பு நுனியை உள்ளே விட்டு, மறுபடி மூடினார். தன் ஆட்கள்கூடப் பார்க்காதபடி மூடினார்.

துத்தம் என்று நினைத்தேன்.  கூட்டத்தின் சத்தம் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது.

பொட்டு

ஆட்டத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஜனங்கள் அதைப் பெரிய ஆட்டம் என்று பல நாள் பேசினார்கள். நான் ஓடினேன், அவ்வளவுதான். வட்டமாக ஓடியதால் அது ஆட்டம் மாதிரி தெரிந்திருக்கிறது.

அவர் கம்பு என் காலுக்கு வந்தது, குதித்தேன். விலாவுக்கு வந்தது, தட்டினேன். கம்போடு கம்பு படும்போதெல்லாம் அவர் நுனியிலிருந்து வெள்ளையாகத் துளி தெறித்தது. ஒரு துளி என் தோளில் விழுந்தது. அது எரிகிறதா, வெயிலா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் வெந்துகொண்டிருப்பதாகவே நினைத்தேன்.

ஒன்று மட்டும் அப்போதே விநோதமாக இருந்தது. என் முகம் இரண்டு முறை அவருக்குத் திறந்து கிடந்தது. எனக்கே தெரிந்தது. அவர் கம்பு பாதி வந்து நின்றுவிட்டது. பூனை எலியை விட்டுப் பிடிப்பதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கம்பு நேராக முகத்துக்கு வந்தது.

கண்ணை மூடினேன். மூடிக்கொண்டே முன்னால் குத்தினேன். என் கம்பு மெத்தென்று எதிலோ பட்டு விலகியது. அதே சமயம் என் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில், யாரோ விரலால் தொட்டதுபோல இருந்தது. வலியே இல்லை. கல்யாணத்தில் திருநீறு பூசுகிறவர்கள்கூட அதைவிட அழுத்துவார்கள்.

கூட்டம் கத்தியது. நான் தோற்றுவிட்டேன் என்று புரிந்தது. ரொம்ப நிம்மதியாக இருந்தது.

நிம்மதி நீடிக்கவில்லை. நெற்றியில் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. பொட்டு கரைந்து மூக்கின் பக்கமாக இறங்குவது தெரிந்தது. பிறகு இமையின் ஓரத்தில் ஈரம். வலது கண்ணுக்குள் போய்விட்டது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன். தேய்க்கக் கூடாது. அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். கம்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது. அது என் கம்புதான். எரியப்போகிறது, இதோ எரியப்போகிறது என்று காத்திருந்தேன். சோணை எழுப்பிய சத்தம் என் தொண்டைக்குள் வந்து நின்றது.

ஒரு கை என் முழங்கையைப் பிடித்து இழுத்துப்போனது. கல்லுடைத்துக் காய்த்த கை.

மோர்ப்பந்தல்

"உக்காரு. கைய எடு" என்றது சோணையின் குரல்.

வேலை போன பிறகு அவன் சின்னச் சின்ன வேலைகள் பார்த்தான். அந்தப் பொங்கலுக்கு நீர்மோர்ப் பந்தலை அவனிடம் விட்டிருந்தார்கள். வட்டத்தின் ஓரத்தில் எனக்குப் பின்னால் பானையை இறக்கி வைத்தவன் அவன்தான். அந்தப் பக்கம் அவனுக்குக் கண் இல்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவன் விரல் என் இமைக்குக் கீழே வழித்தது.  பிறகு விரலோடு விரலைத் தேய்க்கிற சின்னச் சத்தம் கேட்டது. சுண்ணாம்பு எப்படி இருக்கும் என்று அந்தக் கண்மாயில் அவனைவிட நன்றாக அறிந்தவன் யாரும் இல்லை.

"கண்ணத் தொற" என்றான்.

"எரியும்டா."

"எரியாது. தொற. மாவு."

திறந்தேன். முதலில் எல்லாம் பாலாகத் தெரிந்தது. பிறகு பானை தெரிந்தது. பானைக்கு மேல் சோணையின் ஒரு கண் தெரிந்தது. உதட்டில் வழிந்திருந்ததை நக்கிப் பார்த்தேன். பச்சரிசி மாவு. அது யுத்த காலம். பச்சரிசிக்கு மணிக்கணக்காக வரிசையில் நின்றோம். அதை இடித்துக் கம்பில் தோய்த்துக்கொண்டு வந்திருந்தார் அந்த மனிதர்.

சோணை என்னை விட்டுவிட்டு நிமிர்ந்தான். பக்கத்தில் நின்ற வெள்ளைச்சாமியைப் பார்த்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் நிற்பது அதுதான் முதல் தடவை.  கையில் அகப்பைதான் இருந்தது சோணைக்கு. ஆனாலும் நான் பயந்தேன்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். வெள்ளைச்சாமியின் கன்னத்தில், இடது கண்ணுக்கு விரற்கடை கீழே, வெள்ளையாக ஒரு தீற்று. அதைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது. அது நான் கண்ணை மூடிக்கொண்டு குத்தியது. அவர் கம்பில்தான் மாவு. என் கம்பில் இருந்தது சுண்ணாம்பு.

வேர்வை அவர் நெற்றியிலிருந்து புருவம் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கையைத் தூக்கித் துடைக்கப் போனார்.

"தேய்க்காதீக" என்றான் சோணை.

கை நின்றது.

சோணை தோளில் கிடந்த துண்டை மோரில் முக்கினான். ஒரு கையால் அவர் தாடையைப் பிடித்து முகத்தைச் சாய்த்தான். "கீழ பாருங்க. மேல பாத்தா உள்ள போயிரும்." கண்ணிலிருந்து வெளிப்பக்கமாக, காதை நோக்கி, மெதுவாக வழித்தான். துண்டை மடித்து மறுபடி முக்கி, மறுபடி வழித்தான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாதே. அதனால் முகத்தை வெகு பக்கத்தில் கொண்டுபோய்ச் செய்தான். இரண்டு பேர் மூச்சும் ஒன்றின்மேல் ஒன்று பட்டிருக்கும்.

"சோணை" என்றார் வெள்ளைச்சாமி.

"பேசாதீகண்ணே. பேசுனா கன்னம் அசையுது."

 கம்பைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கம்பு நுனி மண்ணில் சின்னச் சின்னதாகக் கோடு போட்டது. அந்தக் கையைப் பார்த்துத்தான் நாங்கள் ஊரெல்லாம் நடுங்கினோம்.

துடைத்து முடித்ததும் சோணை அகப்பையால் மோந்து ஒரு செம்பில் ஊற்றி நீட்டினான்.

"குடிங்க. மோரு கொஞ்சம் நீத்துப்போச்சு. துண்டு குடிச்சிருச்சு."

அவர் பார்த்தது

கூட்டம் அடுத்த ஆட்டத்துக்குத் திரும்பியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் பந்தல் நிழலில் உட்கார்ந்தோம். வெள்ளைச்சாமி அண்ணன் பாதி குடித்துவிட்டு என்னிடம் செம்பைத் தந்தார்.

"தம்பி, ஒனக்குப் பின்னால பானை இருந்துச்சு. நாம் பாத்தேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பாத்துட்டு எதுக்குண்ணே கால முன்னால வச்சீக?"

"நீ எதுக்கு வச்ச?"

நான் செம்பிலிருந்த மோரைக் குடித்தேன்.

"பின்னால வச்சுருக்கலாம். சோணைக்கு அப்பறம் பயந்துட்டான்னு எங்க ஆளுக சொல்லுவாய்ங்க. நெசமும் அதான். அதச் சொல்லிறக் கூடாதுன்னு முன்னால வச்சேன்." கன்னத்தைத் தொடப்போய்க் கையை இறக்கிக்கொண்டார். "கம்ப எடுத்தாலே இவன் சத்தந்தான் கேக்குது. வருசம் பூரா கம்பத் தொடல. இந்தத் தடவ விட மாட்டேன்னுட்டாய்ங்க. வீட்ல மாவு இடிக்கச் சொன்னேன். எதுக்குன்னு அவ கேட்டா. சாமிக்குன்னேன்."

"சுண்ணாம்புல துத்தம் கலக்குறீகன்னுல்ல ஊர்ல பேச்சு" என்றேன்.

"அதுவே இருந்துட்டுப் போகட்டும். மாவுன்னு தெரிஞ்சா கோலப்பொடி ஆட்டம்னு சிரிப்பாய்ங்க."

சோணை பானைக்குள் அகப்பையை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தான். "போன வருசமே சாமிக்கு மாவு இடிச்சிருக்கலாம்" என்றான் கடைசியில். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்து வந்தவருக்கு மோர் ஊற்ற எழுந்து போய்விட்டான்.

என் சிரட்டை

அதற்குப் பிறகு நான் கம்பை விட்டுவிடுவேன் என்று பேச்சியம்மாள் நினைத்தாள். விடவில்லை. மறு வருஷம் பொங்கலுக்குக் கூடத்துச் சிரட்டையை நானே தயார் செய்வதாகச் சொன்னேன். வீட்டில் கொஞ்சம் பச்சரிசி ஊற வைத்தேன்.

"பிள்ளைகளுக்கு ஒரு பணியாரத்துக்கு இல்ல. இது எதுக்கு?" என்றாள்.

"சாமிக்கு" என்றேன்.

களத்தில் கம்பைத் தோய்க்க வந்த முத்திருளன் சிரட்டைக்குள் பார்த்தான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"மச்சான், உப்புப் போட மறந்துட்டீக" என்றான் உதட்டை அசைக்காமல். சிரட்டையின்மேல் தன் துண்டை எடுத்துப் போட்டு மூடினான்.

இன்றுவரை எங்கள் கூடத்துச் சிரட்டை அப்படித்தான் மூடியிருக்கிறது. எங்கள் சுண்ணாம்பிலும் துத்தம் இருப்பதாக இப்போது பேச்சு. யாராவது துண்டை விலக்கிவிடுவார்களோ என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் பயந்துகொண்டே நிற்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன் பசுமலைக்குப் போய் வெள்ளைச்சாமி அண்ணனைக் கேட்டேன். வாசலில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தார்.

"எழுதிக்க தம்பி. படிக்கத் தெரிஞ்சவன் எவன் கம்பு புடிக்கிறான்."

"நான் புடிக்கிறேனேண்ணே."

"நீ கண்ண மூடிக்கிட்டுல்ல புடிக்கிற" என்றார்.

நான் சிரிக்கத்தான் நினைத்தேன். அப்போது அவர் முகத்தைத் திருப்பினார். இடது கண்ணுக்குக் கீழே தோல் வெளுத்து, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு அந்த இடம் அப்படியே இருந்தது. அதற்கும் கண்ணுக்கும் நடுவில் என் சுண்டுவிரல்தான் நுழையும்.

சொல்லிக்கொண்டு எழுந்தேன். பின்னால் காலை வைப்பதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.